கண்ணாடி, தொடுகை, கவனம்: தீராத கைகால் வலிக்கு மூளையைப் பழக்கும் வைத்தியம்

2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் லாரிமர் மோஸ்லியும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கையில் தீராத வலி உள்ள பத்துப் பேரை அழைத்து, வலிக்கும் கையால் சில அசைவுகளைச் செய்யச் சொன்னார்கள். ஒருமுறை கையை நேராகப் பார்த்தபடி, ஒருமுறை உருவத்தை மாற்றாத வெறும் கண்ணாடி வழியே, ஒருமுறை பைனாகுலர் வழியே பெரிதாக்கி, ஒருமுறை அதே பைனாகுலரைத் திருப்பிப் பிடித்துச் சிறிதாக்கி. நான்கு முறையும் அசைவு ஒன்றுதான். கை பெரிதாகத் தெரிந்தபோது வலி அதிகம் ஏறியது, தணியவும் கூடுதல் நேரம் பிடித்தது. சிறிதாகத் தெரிந்தபோது வலி குறைவாகவே ஏறியது. விரல்களின் சுற்றளவை அளந்து பார்த்ததில் வீக்கமும் அதே கணக்கில் கூடியும் குறைந்தும் இருந்தது.

வீக்கம் என்பது சதையில் நடப்பது. அதைக் கண் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது என்றால், வலியைப் பற்றி நாம் வைத்திருக்கும் கணக்கில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. அடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியே செய்தி போகிறது, மூளை அதை வாங்கிக்கொள்கிறது என்பது பள்ளிக்கூடத்தில் படித்த பாடம். காயம் புதிதாக இருக்கும்வரை அந்தப் பாடம் பெரும்பாலும் செல்லும். காயம் ஆறி, எலும்பு கூடி, எக்ஸ்ரேயில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் மாதக்கணக்கில் எரிகிற கைக்கு அதில் பதில் கிடையாது. அந்தக் கைக்குரியவரிடம் வீட்டில் உள்ளவர்கள் "எல்லாம் மனசுதான்" என்று சொல்லிவிடுகிறார்கள். அது கொடுமையான பேச்சு, தவறான பேச்சும்கூட. வலியை மூளை கட்டமைக்கிறது என்பது வலி பொய் என்று ஆகாது. நடந்ததைவிடப் பெரிய ஆபத்து இருப்பதாக மூளை தொடர்ந்து கணக்கிடுகிறது. அந்தக் கணக்கின்படி ரத்த ஓட்டம், வியர்வை, வீக்கம் வரை எல்லாம் மாறுகின்றன.

பார்வையும் தொடுகையும் வலியை இப்படி ஆட்டிவைக்குமானால், அவற்றைக் கொண்டே வலியைத் தணிக்கப் பழக்கலாமே என்ற கேள்வியோடு முப்பது ஆண்டுகளாக ஆய்வு நடந்துவருகிறது. கிடைத்திருக்கும் விடையில் நம்பிக்கையும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. அவற்றையெல்லாம் சேர்த்துப் படிக்கும்போது எனக்குப் படுவது இது: இந்த வைத்தியத்தில் கண்ணாடிக்குக் கிடைத்த புகழ் அதன் பங்கைவிடப் பெரியது. கவனத்தோடு தொட்டுப் பழகும் பயிற்சியும், படிப்படியாக ஏறும் ஒழுங்கும் அதன் நிழலில் மறைந்துபோயின. நம் ஊரில் இந்த வைத்தியம் சரியாக நடக்க வேண்டுமானால் முதலில் அந்தக் கணக்கைத் திருத்த வேண்டும்.

எந்தெந்த வலிகளைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். முதலாவது, வெட்டி எடுத்த கையிலோ காலிலோ வரும் வலி. உறுப்பு போய்விட்டது, வலி போகவில்லை. மாய உறுப்பு வலி என்கிறோம். கை, கால் இழந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் இதை அனுபவிக்கிறார்கள். இரண்டாவது, மருத்துவர்கள் சிஆர்பிஎஸ் என்று சுருக்கிச் சொல்லும் காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம். மணிக்கட்டு எலும்பு முறிவு, சுளுக்கு, சிறிய அறுவை சிகிச்சை என்று ஏதோ ஒன்றில் தொடங்கும். கட்டுப் பிரித்த பிறகு வலி குறைவதற்குப் பதில் கூடும். கை சிவக்கும், பிறகு நீலம் பாயும். ஒரு நேரம் கொதிக்கும், ஒரு நேரம் சில்லிட்டுப் போகும். மின்விசிறிக் காற்று பட்டாலே துடிக்கும். மூன்றாவது, பைக்கிலிருந்து விழுந்து, கழுத்துக்கும் தோளுக்கும் இடையே உள்ள நரம்புக் கற்றை தண்டுவடத்திலிருந்தே பிய்ந்து போனவர்களின் வலி. கை தொங்கும், அசையாது, உணர்வும் இராது. ஆனாலும் உள்ளே நெரிப்பது போல வலிக்கும்.

இவை புதிய நோய்கள் அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிலடெல்பியாவில் நரம்புக் காயங்களுக்கென்றே ஒரு ராணுவ மருத்துவமனை இயங்கியது. அங்கே பணிபுரிந்த சைலஸ் வியர் மிட்செல் தன் சிப்பாய்களைப் பற்றி விரிவாக எழுதிவைத்திருக்கிறார். குண்டு நரம்பைக் கிழித்துச் சென்ற சிலர் ஈரத்துணியைக் கையிலிருந்து எடுக்கவே மாட்டார்கள். பாதம் எரிகிறவர்கள் பூட்ஸுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நடந்தார்கள். இந்த எரிவலிக்கு காசால்ஜியா என்ற பெயரைப் பரவச் செய்தவர் அவர். மாய உறுப்பு என்னும் பெயரை 1871-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அதன்பின் நூறு ஆண்டுகளுக்கு மேல் வைத்தியம் என்னவோ பெரும்பாலும் வலிக்கும் இடத்திலேயே நடந்தது. நரம்பை வெட்டினார்கள், நரம்பு முடிச்சை எடுத்தார்கள், எஞ்சிய கையை இன்னும் கொஞ்சம் குறைத்தார்கள். பலருக்கு வலி திரும்பி வந்தது.

மூளையின் பக்கம் பார்வை திரும்பக் காரணம், நோயாளிகள் சொன்ன விசித்திரமான விஷயங்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் கேண்டி மெக்கேப், ஜென்னி லூயிஸ் ஆகியோரின் குழு சிஆர்பிஎஸ் நோயாளிகளிடம் கண்ணை மூடிக்கொண்டு தங்கள் கையை விவரிக்கச் சொன்னது. சிலருக்குச் சில விரல்கள் தெரியவே இல்லை. சிலருக்குக் கை இருக்கும் அளவைவிடப் பெரிதாகத் தோன்றியது. கை எங்கே எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் சொல்ல முடியாதவர்கள் இருந்தார்கள். அது என் கை மாதிரியே இல்லை, வெட்டி எறிந்தால் தேவலை என்று வெறுப்போடு பேசியவர்களும் இருந்தார்கள். இன்னொன்று: பல கோணங்களில் எடுத்த கைப் படங்களைக் காட்டி, இது இடக்கையா வலக்கையா என்று கேட்டால், வலிக்கும் பக்கத்துக் கையை அடையாளம் காண அவர்களுக்குக் கூடுதல் நேரம் ஆகிறது. படத்தைப் பார்த்ததும் நாம் நம்மை அறியாமலே நம் கையை மனத்துக்குள் திருப்பி ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அந்தத் திருப்புதல் அவர்களுக்கு மனத்துக்குள்ளேயே தடைபடுகிறது.

வைல்டர் பென்ஃபீல்டும் எட்வின் போல்ட்ரேயும் 1937-ல் மூளைப் புறணியில் உடம்பின் வரைபடம் ஒன்று இருப்பதை வெளியிட்டார்கள். கைக்கு ஓர் இடம், உதட்டுக்கு ஓர் இடம், பாதத்துக்கு ஓர் இடம். அது நிலையான படம் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1984-ல் மைக்கேல் மெர்ஸெனிக்கின் குழு, குரங்கின் விரலை அகற்றினால் அந்த விரலுக்குரிய மூளைப் பகுதி பக்கத்து விரல்களின் தொடுகைக்கு விடையளிக்கத் தொடங்குவதைக் கண்டது. 1991-ல் டிம் பான்ஸின் குழு இன்னும் பெரிய மாற்றத்தைக் காட்டியது. பன்னிரண்டு ஆண்டுகளாக உணர்வு அறுபட்ட குரங்குக் கையின் பகுதி, முகத்தைத் தொட்டால் கிளர்ந்தது. 1995-ல் ஜெர்மனியின் ஹெர்த்தா ஃப்ளோர், மாய உறுப்பு வலி அதிகமாக உள்ளவர்களிடம் இந்த இடமாற்றமும் அதிகமாக இருப்பதாகக் கணக்குக் காட்டினார். தூறல் விழுந்த கோலம் போல மூளையின் கைப்படம் கலைந்து கிடக்கிறது, கலைந்ததைத் திருத்தினால் வலி குறையும் என்ற எண்ணம் இங்கிருந்துதான் வலுப்பெற்றது. இந்த எண்ணத்துக்குப் பின்னால் வந்த அடியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். வைத்தியங்கள் பிறந்தது இதிலிருந்துதான்.

கண்ணாடியைக் கொண்டுவந்தவர் நமக்குத் தெரிந்தவர். 1951-ல் தமிழகத்தில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜ் போய், கலிபோர்னியாவின் சான் டியேகோவில் பேராசிரியரான வி.எஸ்.ராமச்சந்திரன். மாயக் கை இறுக மூடிக்கொண்டு, இல்லாத நகங்கள் இல்லாத உள்ளங்கையில் குத்துகிற வேதனையை அவருடைய நோயாளிகள் சொன்னார்கள். திறக்க நினைத்தாலும் திறக்காது. கையை அசை என்று மூளை ஆணையிடுகிறது, அசைந்ததாகக் கண்ணிலிருந்தோ மூட்டிலிருந்தோ பதில் வருவதில்லை. அசையாது என்பதையே மூளை பாடமாகக் கற்றுக்கொண்டுவிட்டது என்பது அவருடைய விளக்கம். அப்படியானால் அசைவதைக் கண்ணுக்குக் காட்டிவிட்டால்? மேல்மூடி இல்லாத அட்டைப்பெட்டியின் நடுவில் ஒரு கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தினார். நல்ல கையை ஒரு பக்கம் நுழைத்து, கண்ணாடியில் பார்த்தால் அதன் பிம்பம் இழந்த கை இருக்க வேண்டிய இடத்தில் தெரியும். நல்ல கையை விரித்தால் இழந்த கையும் விரிவது போல் இருக்கும். சிலருக்கு மாயக் கை உண்மையிலேயே விரிந்தது, இறுக்கம் தளர்ந்தது. 1996-ல் ராமச்சந்திரனும் டயான் ராஜர்ஸ்-ராமச்சந்திரனும் இதை விரிவாக எழுதினார்கள். ஒரு நோயாளி பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சில வாரம் பழகியபின் மாயக் கையே சுருங்கி, விரல்கள் மட்டும் தோளோடு ஒட்டியதாக வந்து சொன்னார்.

சில நோயாளிகளின் அனுபவம் சான்றாகிவிடாது. ஒப்பீட்டுச் சோதனை வர 2007 ஆயிற்று. வாஷிங்டனின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில், கால் இழந்த சிப்பாய்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழு கண்ணாடியில் பார்த்தபடி பயிற்சி செய்தது. இன்னொன்று துணியால் மூடிய கண்ணாடியின் முன்னால் அதே பயிற்சியைச் செய்தது. மூன்றாவது கண்ணை மூடி மனத்தில் நினைத்துக்கொண்டது. தினம் 15 நிமிடம், நான்கு வாரம். முடிவுவரை நின்றவர்கள் 18 பேர், குழுவுக்கு ஆறு. கண்ணாடியைப் பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடிக் குழுவில் ஒருவருக்கு மட்டும் குறைந்தது, மூவருக்குக் கூடியது. மனத்தில் நினைத்தவர்களில் இருவருக்குக் குறைந்தது, நால்வருக்குக் கூடியது. பிறகு கண்ணாடிக்கு மாற்றப்பட்ட ஒன்பது பேரில் எட்டுப் பேருக்குக் குறைந்தது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் இந்த முடிவு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. இன்று கண்ணாடி வைத்தியம் என்றாலே எல்லோரும் சொல்வது இந்தச் சோதனையைத்தான்.

அவ்வளவாகப் பேசப்படாத சோதனை ஒன்று அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. 2003-ல் மெக்கேப் எட்டு சிஆர்பிஎஸ் நோயாளிகளிடம் கண்ணாடியை முயன்றார். நோய் தொடங்கி எட்டு வாரத்துக்குள் வந்தவர்களுக்கு வலி தணிந்தது. ஓராண்டுக்குள் வந்தவர்களுக்கு விறைப்பு இளகியது. இரண்டாண்டுக்கு மேல் ஆனவர்களுக்கு ஒரு பலனும் இல்லை. காலம் கடந்தால் கண்ணாடி மட்டும் போதாது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

ஏன் போதாது? மோஸ்லி கண்டது வருத்தம் தரும் செய்தி. நாள்பட்ட கைவலிக்காரர்கள் கையை அசைக்காமல், அசைப்பதாக நினைத்தாலே வலியும் வீக்கமும் கூடுகின்றன. நினைப்பே சுடும்போது, அசையும் கையைக் கண்ணெதிரே காட்டினால் மூளை மிரளத்தான் செய்யும். ஆகவே அவர் ஏணியின் கீழ்ப்படிக்கு இறங்கினார். முதல் இரண்டு வாரம் இடதா வலதா என்று கைப் படங்களைப் பார்த்துச் சொல்வது மட்டும். அசைவு இல்லை, அசைவதாக நினைப்பதும் இல்லை. அடுத்த இரண்டு வாரம் கையைப் படத்தில் உள்ளபடி வைப்பதாக, வலியில்லாமல், மெதுவாகக் கற்பனை செய்வது. கடைசி இரண்டு வாரம்தான் கண்ணாடி. கிரேடட் மோட்டார் இமேஜரி என்று பெயர் பெற்ற இந்த முறையை, மணிக்கட்டு முறிவுக்குப் பின் ஆறு மாதத்துக்கு மேலாக சிஆர்பிஎஸ்ஸில் தவித்த 13 பேரிடம் 2004-ல் சோதித்தார். கண்ணாடி தனியாகக் கைவிட்ட அந்தப் பழைய நோயில் இந்த முறை வலியைக் குறைத்தது. 2006-ல் மாய உறுப்பு வலியும் நரம்புக் கற்றை பிய்ந்த வலியும் உள்ளவர்களையும் சேர்த்து 51 பேரிடம் செய்த சோதனையிலும் பலன் தெரிந்தது.

இடையில் 2005-ல் செய்த சிறு சோதனையைத்தான் நான் இந்தத் துறையின் முக்கியமான பாடமாக நினைக்கிறேன். அதில் மோஸ்லி மூன்று படிகளின் வரிசையை மாற்றிப் பார்த்தார். வலிக்கும் கையின்மேல் செலுத்தும் கவனம்தான் மருந்து என்றால் எந்த வரிசையிலும் ஒரே பலன் வந்திருக்க வேண்டும். அப்படி வரவில்லை. அடையாளம் காணல், கற்பனை, கண்ணாடி என்ற வரிசையில் செய்தவர்களே அதிகம் தேறினார்கள். பயிற்சி விழித்திருக்கும் நேரமெல்லாம், மணிக்கு ஒருமுறை செய்யவேண்டியது. வாரம் இரண்டு நாள் கிளினிக்குக்குப் போய், கால் மணி நேரம் கண்ணாடி முன் உட்கார்ந்துவிட்டு வந்து, எனக்கு இது ஒத்துவரவில்லை என்பவர்கள் இந்த வைத்தியத்தைச் செய்யவே இல்லை. குற்றம் அவர்களுடையதும் அல்ல, அவர்களுக்கு யாரும் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இனி தொடுகை. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

விரல் நுனியில் இரண்டு ஊசிமுனைகளைச் சில மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்தாலே இரண்டு என்று தெரிந்துவிடும். முதுகில் அதே இடைவெளி ஒன்றாகத்தான் தெரியும். நாள்பட்ட வலி உள்ள கையில் இந்தக் கூர்மை மங்கிவிடுகிறது. வலி கூடுதல், உணர்வு நுட்பம் குறைவு என்ற இந்த முரணிலிருந்துதான் பயிற்சி தொடங்குகிறது. ஃப்ளோர் 2001-ல் கை இழந்த ஐந்து பேரின் எஞ்சிய பகுதியில் மின்முனைகளை ஒட்டி, வலி தராத மெல்லிய மின்துடிப்புகளைக் கொடுத்தார். எந்த இடத்தில் வந்தது, எவ்வளவு வேகமாகத் துடித்தது என்று அவர்கள் சொல்ல வேண்டும். தினம் 90 நிமிடம், இரண்டு வாரத்தில் பத்து அமர்வு. பயிற்சி பெறாத ஐந்து பேரோடு ஒப்பிட்டபோது, உணர்வின் கூர்மை ஏறியது, மாய வலி இறங்கியது.

2008-ல் மோஸ்லி, ஸலூக்கி, காட்யா வீக் ஆகியோர் அதை மின்சாரம் இல்லாமல் செய்து காட்டினார்கள். வலிக்கும் கையில் ஐந்து புள்ளிகள். தொடுவதற்குத் தடிமன் வேறுபட்ட இரண்டு குச்சிகள். முதல் கட்டத்தில் 13 நோயாளிகளும் சும்மா இருக்க, அவர்களைக் குச்சியால் தொட்டார்கள், அவ்வளவுதான். வலியிலும் மாற்றமில்லை, உணர்வுக் கூர்மையிலும் மாற்றமில்லை. அடுத்த கட்டத்தில் அதே தொடுகை, ஆனால் எந்தப் புள்ளி, எந்தக் குச்சி என்று ஒவ்வொரு முறையும் பதில் சொல்ல வேண்டும். இப்போது இரண்டும் முன்னேறின. மூன்று மாதம் கழித்தும் பலன் நின்றது. தோலுக்குக் கிடைத்தது இரண்டு கட்டத்திலும் ஒன்றுதான். மூளைக்குக் கிடைத்த வேலை மட்டும் மாறியது.

நம் வீடுகளில் வலிக்கும் கைக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிடுகிறோம். அம்மா நீவிவிடும்போது நோயாளி டிவி பார்த்துக்கொண்டிருப்பார். அது சுகம் தரும், அன்பும் அதில் உண்டு. இந்தச் சோதனை சொல்லும் பயிற்சி வேறு வகை. கையின் படத்தைத் தாளில் வரைந்து, ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டு, அதே எண்களைக் கையிலும் பேனாவால் குறித்துக்கொள்ள வேண்டும். மூடிய பேனாவின் நுனி ஒன்று, பென்சிலின் பின்பக்க ரப்பர் ஒன்று. வீட்டில் ஒருவர் மாற்றி மாற்றித் தொட, நோயாளி கையைப் பார்க்காமல் தாளைப் பார்த்தபடி "மூணு, பேனா", "அஞ்சு, ரப்பர்" என்று சொல்ல வேண்டும். தொடவே முடியாத இடமானால் அதைத் தள்ளி, தாங்கும் இடத்திலிருந்து தொடங்கி மெல்ல நெருங்க வேண்டும். தப்பும் சரியும் குறித்துவைக்க வேண்டும். முதல் வாரம் பாதிக்குப் பாதி தப்பானாலும் கவலையில்லை. எல்லாமே சரியாக வரத் தொடங்கினால் புள்ளிகளை நெருக்கி வைக்க வேண்டும். எளிதாகிவிட்ட பயிற்சி மூளைக்கு வேலை தருவதில்லை.

இங்கேதான் பார்வையும் தொடுகையும் சந்திக்கின்றன. 2009-ல் மோஸ்லியும் வீக்கும் இதே தொடுபயிற்சியைப் பார்வையின் திசையை மாற்றி மாற்றிச் செய்தார்கள். நோயாளி, வலிக்கும் கை இருக்கும் திசையில் பார்த்து, அங்கே கண்ணாடியில் நல்ல கையின் பிம்பத்தைக் கண்டபடி பயிற்சி செய்தபோது பலன் கூடியது. வலியில்லாத கையைக் கண் காண்கிறது, வலிக்கும் கை தொடுகையை உணர்கிறது, இரண்டும் ஒரே இடத்தில் நடப்பதாக மூளை சேர்த்துக்கொள்கிறது. 1998-ல் மேத்யூ பாட்வினிக்கும் ஜோனதன் கோஹெனும் காட்டிய ரப்பர் கைச் சோதனையை இதோடு வைத்துப் பார்க்கலாம். மறைத்த கையையும் எதிரே வைத்த ரப்பர் கையையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினால், சிறிது நேரத்தில் ரப்பர் கையே தன் கை என்ற உணர்வு வந்துவிடுகிறது. உடம்பைத் தன்னுடையது என்று கொள்ளும் உணர்வைக் கண்ணும் தோலும் சேர்ந்து நொடிக்கு நொடி கட்டிக்கொண்டிருக்கின்றன. கை மருத்துவத்தில் இந்த அறிவு முன்பே இருந்தது. அறுந்த நரம்பைத் தைத்தபின், கண்ணை மூடி நாணயம், சாவி, துணி என்று தடவி அறியப் பழக்குவது அங்கே பல பத்தாண்டு வழக்கம். வலி மருத்துவம் அதைக் கொஞ்சம் தாமதமாக எடுத்துக்கொண்டது.

இதுவரை சொன்னதை மட்டும் படித்தால் வழி தெளிந்துவிட்டதாகத் தோன்றும். அப்படி இல்லை.

முதல் அடி கோட்பாட்டுக்கு விழுந்தது. 2013-ல் டமார் மேக்கினின் குழு, மாயக் கையை அசைக்கச் சொல்லி மூளையை ஸ்கேன் செய்தது. வலி அதிகம் உள்ளவர்களிடம் இழந்த கைக்குரிய பகுதி கலையாமல் நன்றாகவே இயங்கியது. ஃப்ளோர் கண்டதற்கு ஏறக்குறைய நேர் எதிர். 2025-ல் அதே மேக்கினும் ஹண்டர் ஷோனும் கூட்டாளிகளும் இன்னும் வலுவான சான்றை வைத்தார்கள். கையை அகற்ற வேண்டிய மூன்று பேரை அறுவைக்கு முன்பும் ஆண்டுகள் கடந்து பின்பும் ஸ்கேன் செய்தார்கள். கையின் படம் அப்படியே இருந்தது. உதட்டின் படம் அதன்மேல் படர்ந்துவிடவில்லை. கலைந்த படத்தைத் திருத்துகிறோம் என்று இனி யாரும் நோயாளியிடம் உறுதியாகச் சொல்லக் கூடாது என்றே நினைக்கிறேன். கைப்படம் அழியாமல் இருக்கிறது என்பது நோயாளிக்கு ஒருவகையில் நல்ல செய்தி. பயிற்சிக்குப் பிடித்துக்கொள்ள உள்ளே ஏதோ இருக்கிறது.

இரண்டாவது அடி சோதனைகளின் தரத்துக்கு. சிஆர்பிஎஸ்ஸுக்கான இயன்முறை சிகிச்சைகளை 2016-ல், மருத்துவச் சான்றுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வு தொகுத்துப் பார்த்தது. மோஸ்லியின் படிநிலைப் பயிற்சியும் கண்ணாடியும் வலியைக் குறைக்கலாம், ஆனால் சான்றின் தரம் மிகக் குறைவு என்றது. பங்கேற்றவர்கள் மிகச் சிலர், பல ஆய்வுகள் ஒரே ஆய்வாளரைச் சுற்றி நடந்தவை. 2012-ல் பிரிட்டனின் இரண்டு மையங்கள் படிநிலைப் பயிற்சியை அன்றாட மருத்துவமனைச் சூழலில் செய்து பார்த்து, வலி குறையவில்லை என்று நேர்மையாக வெளியிட்டன. 2018-ல் ஆண்ட்ரியாஸ் ரோத்கேங்கலின் குழு மாய உறுப்பு வலி உள்ள 75 பேரிடம் செய்த சோதனையில், நான்கு வார முடிவில் கண்ணாடிக் குழுவின் சராசரி வலி மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்துவிடவில்லை. வால்டர் ரீட்டின் ஆறுக்கு ஆறு என்ற முடிவை மட்டும் சொல்லி இவற்றை விட்டுவிடுவது நோயாளிக்குச் செய்யும் துரோகம்.

இந்த முரண்களை எப்படி எடுத்துக்கொள்வது? பெரிய சோதனைகளில் பலன் சுருங்குவது மருத்துவத்தில் வழக்கம். அதோடு, மோஸ்லியின் நோயாளிகள் செய்த பயிற்சியின் அளவு வேறு எங்கும் எளிதில் நடப்பதில்லை. ஏன் பலிக்கிறது என்பதற்கும் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் இருக்கின்றன. அசைவின் நோக்கமும் அசைந்த செய்தியும் பொருந்தாமல் போவதே வலி என்று ஏ.ஜே.ஹாரிஸ் 1999-ல் சொன்னார், கண்ணாடி அந்தப் பொருத்தத்தைத் தற்காலிகமாக மீட்கிறது என்று கொள்ளலாம். பயந்து ஒதுக்கிய கையோடு படிப்படியாகப் பழகி மூளையின் எச்சரிக்கை தணிகிறது என்றும் கொள்ளலாம். எனக்கு இரண்டாவது விளக்கமே அதிகம் பிடிக்கிறது. படிகளின் வரிசை ஏன் முக்கியம் என்பதற்கு அதுதான் காரணம் சொல்கிறது. பக்கவாத நோயாளிகளிடம் கண்ணாடிப் பயிற்சியின் சான்று இதைவிட நல்ல நிலையில் இருக்கிறது. 2018 காக்ரேன் ஆய்வு 62 ஆய்வுகளைத் தொகுத்து, கை அசைவு மேம்படுவதாகச் சொன்னது. அது அசைவுக்கான சான்று, வலிக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

மெய்நிகர் கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016-ல் சுவீடனில் மேக்ஸ் ஒர்டிஸ்-கட்டலானின் குழு, எஞ்சிய கைத்தசைகளின் மின்சமிக்ஞையைக் கொண்டு திரையில் ஒரு கையை இயக்கவைத்து, வேறெந்த வைத்தியத்துக்கும் மசியாத 14 பேரின் மாய வலியை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. நம்பிக்கை தரும் வேலை. ஆனால் அந்தச் சோதனையில் ஒப்பிட வேறு குழு இல்லை. விலையுயர்ந்த தலைக்கவசம் வாங்கினால்தான் இந்த வைத்தியம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தமிழகத்தில் இதற்கான தேவை கண்கூடு. இரு சக்கர வண்டி விபத்தில் தோள் நரம்புக் கற்றை பிய்ந்த இளைஞர்களுக்கு அறுவை சிகிச்சை செய்வதில் கோவை கங்கா மருத்துவமனை நாடறிந்தது. அறுவை நன்றாக நடந்த பின்னும் வலி என்ற பகுதி மிஞ்சும். சர்க்கரை நோயால் காலை இழப்பவர்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிறார்கள். கடலுக்கு அப்பால், போரில் கால் இழந்தவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர்க் கால் பொருத்தும் பணி 1980களிலிருந்தே நடந்துவருகிறது. மணிக்கட்டு முறிந்து, ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோ புத்தூர்க் கட்டோ போட்டுக்கொண்ட பெண்களில் சிலருக்குக் கட்டுப் பிரித்தபின் சிஆர்பிஎஸ் வரத்தான் செய்கிறது. பலர் அதைக் கட்டின் குறை என்று நினைத்து, கையைத் தூளியில் தொங்கவிட்டபடி வேறு கட்டு தேடிப் போகிறார்கள். பயனுள்ள முதல் வாரங்கள் அதிலேயே கழிந்துவிடுகின்றன.

செய்யக்கூடியது இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அவர்கள் பையில் முழங்கை நீளக் கண்ணாடி ஒன்று, இடக்கை வலக்கைப் படங்கள் அச்சிட்ட அட்டைக் கட்டு ஒன்று, எண் குறிக்கப் பேனா, தடிமன் வேறுபட்ட இரண்டு குச்சிகள் இருந்தால் போதும். செலவு மிகச் சிறியது. அட்டையில் தமிழில் பயிற்சி வரிசை இருக்க வேண்டும். மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டும், பிம்பத்தில் அவை தெரிந்தால் மூளை அதைத் தன் கையாக ஏற்காது. முதலில் அசைக்காமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். சிலருக்குத் தலைசுற்றும், குமட்டும், இழந்த கையைக் கண்டு அழுகை வரும். அப்போது நிறுத்தி, ஒரு படி கீழே இறங்கலாம். பயிற்சி செய்தவர்களின் வலி மதிப்பெண்ணை மாதாமாதம் குறித்துவந்தால், உலகத்தில் இன்றுவரை இல்லாத அளவுக்குப் பெரிய சான்றைத் தமிழக அரசே திரட்டித் தர முடியும். கை, கால் அகற்றும் அறுவைக்கு முன்பே மாய வலி வரக்கூடும், அது பைத்தியம் அல்ல என்று நோயாளியிடம் சொல்லிவைப்பதையும் மருத்துவமனைகள் கடமையாகக் கொள்ள வேண்டும்.

வாசிப்பவர் வீட்டில் யாருக்காவது கட்டுப் பிரித்துச் சில வாரமாகியும் கை எரிகிறது, வீங்குகிறது, நிறம் மாறுகிறது என்றால் இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். எலும்பு மருத்துவரிடம் காட்டி, கிருமித்தொற்றோ ரத்தக்குழாய் அடைப்போ இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, சிஆர்பிஎஸ்ஸாக இருக்குமா என்று பெயர் சொல்லியே கேளுங்கள். இயன்முறை மருத்துவர் கண்ணாடியை மட்டும் கொடுத்தால், இடது வலது அட்டையும் தொடுபயிற்சியும் எங்கே என்று கேளுங்கள். ஆறு வாரம் தினமும் பல முறை செய்ய வேண்டியிருக்கும். வலி முழுக்கப் போய்விடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. பலருக்குக் குறையும், சிலருக்குக் குறையாது.